வளர்மதியின் நீச்சல் கண்ணாடி

கண்ணாடித் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களில் ஒரு தம்பி போன வாரம் எனக்குப் போன் போட்டார். "மேடம், ஒன்பது வயசுக் குழந்தை, மைனஸ் ஆறு பவர், நீச்சல் கிளாஸ்ல சேர்த்திருக்காங்க. எந்தக் காகிள்ஸ் குடுக்கலாம்?" நான் பதில் சொல்லவில்லை. "குழந்தை தண்ணிக்குள்ள எப்படிப்பா எறங்குது?" என்று கேட்டேன். "அதைக் கேக்கலயே மேடம்" என்றார். போய்க் கேட்டுவிட்டு அப்புறம் பேசு என்று வைத்துவிட்டேன்.

கோபம் எல்லாம் இல்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். ஆனால் அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. கடையை மூடி எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது. இருந்தும் நீச்சல் கண்ணாடி என்ற பேச்சு வந்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். ஏன் என்று அந்தத் தம்பிக்கு மட்டும் சொல்வதற்குப் பதிலாக உங்கள் எல்லாருக்கும் எழுதிவிடுகிறேன். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று தேடுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அது இதில் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கண்ணாடிக் கடை. அப்போது பெரம்பலூர் தனி மாவட்டம் இல்லை, எதற்கெடுத்தாலும் திருச்சிக்குத்தான் ஓட வேண்டும். கடையின் முன்பக்கம் நான் கண் சோதிப்பேன். பின்பக்கம் என் வீட்டுக்காரர் சாணைக்கல்லில் கண்ணாடி தேய்த்து ஃபிரேமில் ஏற்றுவார். அவர் நிதானமான மனுஷர். உலகமே இடிந்து விழுந்தாலும் கையில் இருக்கும் கண்ணாடியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நான் அதற்கு நேர் எதிர். ஒரு ஆளைச் சோதிக்கும்போதே அடுத்த ஆளிடம் பேசுவேன், சத்தம் போடுவேன், உட்கார மாட்டேன். "நீ பக்கத்துல வந்து நின்னா கல்லே பயந்து வேகமா சுத்துது" என்று அவர் கேலி செய்வார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்குள் யார் வந்தாலும், பஸ் போய்விட்டதா என்று கேட்க வந்தவராக இருந்தாலும், முகத்தில் கண்ணாடி இருந்தால் கையை நீட்டிவிடுவேன். "குடுங்க, தொடைச்சுத் தரேன்." எண்ணெயும் வியர்வையும் புழுதியும் அப்பிய கண்ணாடியோடு ஒரு மனுஷர் பேசிக்கொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஊரில் எல்லாருக்கும் அது பழகிப்போனது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தாலே சிலர் கேட்காமலே கழற்றி நீட்டுவார்கள். நின்ற இடத்திலேயே முந்தானையால் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போவேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவு விட்ட சமயம். பாடாலூர்ப் பக்கத்திலிருந்து அஞ்சலை என்ற பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அஞ்சலை பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். புருஷன் லாரி டிரைவர். வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள்தான் அதிகம். அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்து வளர்ந்த குடும்பம் அது. இரண்டு பேரும் சம்பாதித்துக் கிணற்றோடு கொஞ்சம் நிலம் வாங்கி, அந்தக் காட்டிலேயே வீடும் கட்டிக் குடிவந்திருந்தார்கள். மகள் வளர்மதிக்கு நான்தான் முதல் கண்ணாடி போட்டவள். கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் அவளுக்கு எல்லாமே கலங்கல்.

அஞ்சலை பையிலிருந்து ஒரு ரப்பர் நீச்சல் கண்ணாடியை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"டாக்டரம்மா, இதுல இவ பவரை ஏத்திக் குடுங்க."

"நான் டாக்டர் இல்லம்மா, எத்தன தடவ சொல்றது? இது ஏது?"

"எங்க தம்பி துபாய்லேர்ந்து கொண்டாந்துச்சுங்க. இவ நீச்சல் கத்துக்கணும். கெணத்து மேட்டுல வூடு. சுத்துச் சுவரு இல்ல. பள்ளிக்கூடம் இருந்தா நான் போயிடுறேன், அவரு லாரியில போயிடுறாரு. இந்தக் குருடி எப்ப உள்ள விழுவாளோன்னு தெனம் வயித்துல புளியக் கரைக்குது. எறங்கி நீச்சல் கத்துக்கடின்னா, கண்ணாடியக் கழட்டிட்டு எறங்க மாட்டேங்கிறா. போட்டுக்கிட்டு எட்டிப் பாத்தா உள்ள வுட்டுடுறா. ஏற்கெனவே ரெண்டு கண்ணாடி கெணத்துக்குள்ள கெடக்கு. நீங்க போட்டுக் குடுத்ததுதான் ரெண்டும்."

"குருடின்னு சொல்லாதம்மா. நல்ல கண்ணு. கண்ணாடி போட்டா கடைசி வரி வரைக்கும் படிக்குது."

"வாயில வந்துடுதுங்க" என்றாள்.

வளர்மதி அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "என்னா இருக்குன்னே தெரியாத எடத்துல எப்புடி எறங்குறது?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. பயந்தாங்கொள்ளி பேசுகிற பேச்சு இல்லை அது. நியாயமான பேச்சு. நம்மில் யாராவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவோமா?

சரி, செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். நீங்கள் எல்லாரும் முதலில் பவரைப் பார்ப்பீர்கள். நான் முதலில் ரப்பரைப் பார்த்தேன். அது பெரிய ஆள் முகத்துக்குச் செய்த கண்ணாடி. சின்ன முகத்தில் ஓரம் படியாவிட்டால் தண்ணீர் உள்ளே வந்துவிடும், பிறகு எவ்வளவு துல்லியமான பவர் போட்டும் பிரயோஜனம் இல்லை. வாரைத் தலையில் மாட்டாமல் கண் மேல் லேசாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். நல்ல அளவாக இருந்தால் ஒரு நொடியாவது தானாக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இது பொத்தென்று விழுந்தது. மூக்கு மேல் வரும் நடு ரப்பரைக் குறுக்கிக் கட்டினோம். கடை வாளியில் தண்ணீர் நிரப்பி முகத்தை முக்கச் சொன்னேன். உள்ளே கசிந்தது. மறுபடியும் குறுக்கினோம், மறுபடியும் முக்கினாள். கண்ணாடி வாங்க வந்தவர்கள் தங்கள் வேலையை மறந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் சொட்டுக்கூடக் கசியாமல் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு பவர். வளர்மதிக்கு வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் பவர் வேறு. தண்ணிக்குள்தானே என்று இரண்டுக்கும் ஒன்றாகப் போட என் மனம் ஒப்பவில்லை. நீச்சல் கண்ணாடியின் முன்பக்கம் தட்டையான பிளாஸ்டிக். அதை அப்படியே விட்டுவிட்டு உள்பக்கமாகத்தான் பவர் கண்ணாடியை ஒட்ட வேண்டும். தண்ணீர் தொடுகிற பக்கம் வளைந்திருந்தால் கடையில் சரியாக இருக்கும் பவர் கிணற்றுக்குள் மாறிப்போகும். இதெல்லாம் உங்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

பாடத்தில் இல்லாததுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் கையில் இருந்தது அடிபட்டால் உடைகிற நிஜக் கண்ணாடி மட்டும்தான். பிளாஸ்டிக் லென்ஸ் வேண்டும் என்றால் மெட்ராஸுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். எப்போது வரும் என்று அனுப்புகிறவனுக்கே தெரியாது. அதனால்தான் அவளிடம் கேட்டேன்: "பாப்பா, கெணத்துல எப்படி எறங்குவ?"

"படியில எறங்கி, கடைசிப் படியில உக்காந்துக்கிட்டு அப்புடியே."

"மேலேர்ந்து குதிப்பியா?"

அவள் முகம் வெளிறிப்போனது. "அய்யய்யோ, நான் மாட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அது முழு உண்மை. அஞ்சலையும், "கரையோரம் நிக்கவே கால் நடுங்கும்ங்க அவளுக்கு" என்றாள். கோடையில் கிணற்றில் தண்ணீரும் குறைவு. படியில் இறங்கி மெள்ள நீந்துகிற பிள்ளைக்கு இது போதும் என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் சின்னதாகத் தேய்த்து, பசை வைத்து உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தார். மைனஸ் கண்ணாடி ஓரம் தடியாகத்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஓரத்தை எவ்வளவு மழுக்க முடியுமோ அவ்வளவு மழுக்கினார்.

வாங்க வந்த அன்று வளர்மதி அதை மாட்டிக்கொண்டு வாளிக்குள் முகத்தை முக்கினாள். எழுந்திருக்கவே இல்லை. நான் பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "பக்கெட்டு அடியில ஒரு எறும்பு செத்துக் கெடக்கு!" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதைக் கழற்றாமலே போனாள். ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

சில நாள் கழித்துப் பாடாலூர் ஹைவேயில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் கண்ணாடிக் காது, அதுதான் காதில் மாட்டும் கம்பி, கழன்றுவிட்டது என்று வந்தார். ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருக்கும்போது அவராகப் பேச்சை ஆரம்பித்தார்.

"நம்ம அஞ்சலை மவளுக்கு என்னமோ போட்டுக் குடுத்தீங்களாமே. புள்ள மொகத்துல தவளக் கண்ணு மாதிரி! பயலுவள்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறானுவ. மோட்டார் மேட்டுலேர்ந்து குதிக்கிதுங்க அது. குதிச்சு அடியத் தொட்டுட்டுத்தான் மேல வருது."

ஸ்க்ரூ டிரைவரை அப்படியே மேசை மேல் வைத்துவிட்டேன்.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டா குதிக்குது?"

"பின்ன? அது இல்லாம ஒரு அடி வைக்காதே."

உங்களுக்குப் புரிகிறதா? கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் தடித்த நிஜக் கண்ணாடி. உயரத்திலிருந்து விழும்போது தண்ணீர் தண்ணீராகவா இருக்கும்? அறைகிற கை மாதிரி அறையும். ரப்பர் கண்ணுக்குள் அழுந்தும். ஒட்டின பசை விட்டால், கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. போதாக்குறைக்கு மைனஸ் அதிகமான கண். அடிபட்டால் உள்ளே இருக்கும் விழித்திரை கிழிந்துவிடும். அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டு என்ன?

"நான் பாடாலூர் போயிட்டு வரேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இந்த அண்ணன்கிட்டயே சொல்லி அனுப்பலாமே."

"இவர் போயி டீ ஆத்தி, ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு, அப்புறம்தான் சொல்லுவாரு. அதுக்குள்ள அது எத்தன தடவ குதிக்குமோ."

டீக்கடைக்காரருக்கு வருத்தம்தான். எனக்கு அதைப் பார்க்க நேரம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். திருச்சி பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது, கிளம்பவில்லை. டிரைவர் வெற்றிலை வாங்கப் போயிருந்தார். நான் உட்காரவில்லை. படியில் நின்றபடி கண்டக்டரை நச்சரித்தேன். "என்னம்மா, பிரசவமா?" என்றார். "ஆமா, அப்படித்தான்னு வச்சுக்கிட்டு எடுங்க" என்று கத்தினேன். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூட்டை ஏற்றினார்கள், கோழிக்கூடை இறக்கினார்கள், இரண்டு பேர் சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். அந்தப் பிள்ளை செத்த எறும்பைப் பார்த்துச் சிரித்த முகம்தான் கண் முன்னால் நின்றது. அந்தக் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கையால் இனி யாருக்கும் கண்ணாடி போட மாட்டேன் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பாடாலூரில் இறங்கி விசாரித்துக்கொண்டு காட்டு வழியாக வேகமாக நடந்தேன். தூரத்திலேயே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. கரைக்கு வந்து எட்டிப் பார்த்தேன். பாறையை வெட்டி எடுத்த பெரிய சதுரக் கிணறு. பக்கவாட்டில் கல் படிகள். பாதி ஆழத்தில் மோட்டார் வைக்கிற மேடு. அந்த மேட்டின் விளிம்பில், கால் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நீச்சல் கண்ணாடியோடு வளர்மதி நின்றுகொண்டிருந்தாள். கையை முன்னால் நீட்டியாகிவிட்டது.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. நான் கத்துகிறவள் என்பது பெரம்பலூருக்கே தெரியும். ஆனால் கத்தினால் திடுக்கிட்டு அப்படியே விழுவாள். அதுவும் குதிப்பதைவிட மோசமாக, முகம் முதலில் விழுவாள். "குதிக்காதே" என்று சொன்னால், அம்மா ஆள் அனுப்பிவிட்டாள் என்று நினைத்து அதற்குள் குதித்துவிடுவாள். பிள்ளைகளை நான் அறியாதவளா? நாக்கைக் கடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. கீழே பார்த்தால் தலை சுற்றும் என்று சுவரைப் பார்த்தே இறங்கினேன். மேட்டுக்கு வந்ததும் மூச்சை அடக்கி, கடையில் பேசுகிற அதே குரலில், கையை நீட்டினேன்.

"பாப்பா, கண்ணாடியக் குடு, தொடைச்சுத் தரேன்."

அவள் திரும்பினாள். ஏன், எதற்கு, இந்த அம்மா இங்கே எப்படி வந்தார்கள் என்று எதுவும் யோசிக்கவில்லை. கை தானாகத் தலைக்குப் போனது. கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த பிறகுதான், "நீங்க எப்புடி இங்க?" என்று கேட்டாள்.

நான் இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் உட்காரவைத்தேன். பிறகு கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கம் பசை பாதி விட்டிருந்தது. விரலால் தொட்டதும் உள்ளே இருந்த கண்ணாடி ஆடியது. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"தொடைச்சாச்சுன்னா குடுங்க" என்றாள்.

"தர மாட்டேன். நீ மேலேர்ந்து குதிக்க மாட்டேன்னுதானே சொன்ன?"

"அப்ப தெரியல. இப்பதான் எல்லாம் தெரியுதே."

தம்பிகளே, தங்கைகளே, எத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தாலும் இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. நாம் கேள்வி கேட்பது கண்ணாடி இல்லாத ஆளிடம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போவது வேறு ஒரு ஆள். தெரியாத பிள்ளை படியில் உட்கார்ந்து இறங்கும். தெரிகிற பிள்ளை குதிக்கும். நம் வேலை பழைய ஆளைச் சோதிப்பதோடு முடிவதில்லை, அந்தப் புது ஆள் என்ன செய்வார் என்றும் யோசிக்க வேண்டும்.

"சரி, நீஞ்சறதுக்குத்தானே போட்டுக் குடுத்தேன். எதுக்குக் குதிக்கிற?" என்று கேட்டேன்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "குதிச்சாத்தான் அடிக்குப் போவ முடியும். என் கண்ணாடி ரெண்டும் அடியில கெடக்கு. மழ வந்துட்டா தண்ணி ஏறிடும், அப்புறம் எடுக்க முடியாது. எடுத்துக் குடுத்துட்டா அம்மா என்னயக் குருடின்னு திட்டாது."

நிமிர்ந்து பார்த்தால் மேல் படியில் அஞ்சலை நிற்கிறாள். நான் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டேன் என்று யாரோ போய்ச் சொல்லி ஓடி வந்திருக்கிறாள். என்னோடு சண்டை போடத்தான் வந்தாள் என்பது அவள் இடுப்பில் சேலையைச் செருகியிருந்த விதத்திலேயே தெரிந்தது. மகள் சொன்னதைக் கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் என்னாத்துக்குடி திட்டறேன்? கண்ணாடி போச்சேன்னா திட்டறேன்? எட்டிப் பாத்து எட்டிப் பாத்து ரெண்டு தடவ கண்ணாடி விழுந்துச்சே, மூணாந்தடவ நீ விழுந்துடுவியேன்னுடி!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கிணறு முழுக்க அந்த அழுகை எதிரொலித்தது. மற்ற பிள்ளைகள் சத்தம் போடாமல் ஒவ்வொருவராகக் கரையேறிப் போய்விட்டார்கள்.

நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் வந்துவிட்டேன். அதோடு முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மெட்ராஸுக்குப் பிளாஸ்டிக் லென்ஸுக்கு எழுதினேன். பதில் இல்லை. டிரங்க் கால் போட்டுக் கத்தினேன். வருகிறது, வருகிறது என்றான் மெட்ராஸ்காரன். அதற்குள் அஞ்சலை மறுபடி வந்து நின்றாள்.

"நீங்களே குடுத்தீங்க, நீங்களே புடுங்கிட்டீங்க. இப்ப தண்ணிப் பக்கமே வர மாட்டேங்கிறா. அரகொற நீச்சலோட நிக்குது. மேக்கால மின்னுது, மழ வந்துட்டா கெணறு ஏறிடும். நான் என்னா பண்ணுவேன் சொல்லுங்க? அதையே ஒட்டிக் குடுங்க. இனிமே குதிக்க மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கா."

என் வீட்டுக்காரரும், "கெட்டியா ஒட்டிடறேன். புள்ள சத்தியம் பண்ணியிருக்குல்ல" என்றார்.

இரண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒரு பக்கம், இந்தக் கண்ணாடி ஒரு பக்கம். கொடுக்காமல் இருந்து, நீச்சல் தெரியாமல் அவள் விழுந்துவிட்டால் அந்தப் பழியும் என்னைத்தான் சேரும். நான் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

"முடியாதும்மா" என்றேன். "சத்தியம் பண்றப்ப அவளுக்குத் தெரியல. இதைப் போட்டா தெரியும், தெரிஞ்சா குதிப்பா. கொழந்தைன்னா குதிக்கத்தான் செய்யும். குதிச்சாலும் ஒடையாத கண்ணாடிதான் குடுப்பேன். நீயும் அவளைக் குதிக்க விடக் கூடாது. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, போயிட்டு வா."

அஞ்சலை பையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து பஸ் வந்து நின்றால் போதும், வாசலுக்குப் போய் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். பாடாலூர் ஆள் யாராவது வந்தால், "ஊர்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை விட மாட்டேன். ஒரு சாயங்காலம் இடியும் மின்னலுமாகக் கோடை மழை கொட்டியபோது சோறு இறங்கவில்லை.

பிளாஸ்டிக் லென்ஸ் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் தன் நிதானத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். பாவம், அவர் டீ ஆற்றாமல் நேராகப் போய்க் கொடுத்திருக்கிறார். கூடவே அஞ்சலைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேன்: அடியில் கிடக்கும் கண்ணாடியை எடுக்காதே என்று மட்டும் அவளிடம் சொல்லாதே, எப்படி எடுப்பது என்று வழி சொல்லு.

அன்றிலிருந்து கடையை மூடும் வரைக்கும், நீச்சல் கண்ணாடியோ சாதாரணக் கண்ணாடியோ, என்னிடம் வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்பேன். "எல்லாம் நல்லாத் தெரிஞ்சுதுன்னா மொதல்ல என்ன பண்ணுவ?" ஒருவன் சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டுவேன் என்பான். ஒருத்தி மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பேன் என்பாள். அதைக் கேட்டபிறகுதான் எந்த லென்ஸ், எந்த ஃபிரேம் என்று கையை வைப்பேன். நீங்களும் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். வளர்மதி காகிதப் பொட்டலம் ஒன்றை மேசை மேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே சேறு காய்ந்து ஒட்டிய ஒரு கண்ணாடி. ஒரு காது இல்லை. ஆனால் இரண்டு லென்ஸும் அப்படியே இருந்தன.

"குதிச்சியா?" என்றேன்.

"இல்ல. மோட்டாரு பைப்பு அடி வரைக்கும் போவுதுல்ல, அதைப் புடிச்சுக்கிட்டே எறங்குனேன். அம்மாதான் சொல்லிச்சு."

"பைப்பு அடியில இருக்குற ஃபுட்வால்வு அடைச்சுக்கிட்டா இவ அப்பா அப்புடித்தாங்க எறங்குவாரு" என்றாள் அஞ்சலை. "இடுப்புல கயித்தக் கட்டி நான் புடிச்சுக்கிட்டேன். யாராச்சும் மோட்டாரப் போட்டுடுவாங்களோன்னு கரண்டுப் பெட்டியில ஃபியூசு கட்டையப் புடுங்கி என் மடியில கட்டிக்கிட்டேங்க. இவ மேல வர்ற வரைக்கும் நானும் மூச்ச அடக்கிக்கிட்டு நின்னேன்."

"இன்னொண்ணு?"

"சேத்துக்குள்ள போயிடுச்சு. ஆனா கெணத்தக் குறுக்கால நீஞ்சிட்டேன், கண்ணாடி இல்லாமயும் நீஞ்சுறேன்" என்றாள் வளர்மதி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கத் தெரியாதவள் நான். அந்தச் சேற்றுக் கண்ணாடியைக் கழுவி, முந்தானையால் துடைத்து அவளிடம் கொடுத்தேன். தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதைக் காதோரம் பிடித்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"மங்கலாத் தெரியுதே."

"ஒனக்கு நான் போட்ட மொத கண்ணாடிடி இது. அப்புறம் பவர் ஏறிடுச்சுல்ல. இது இனிமே ஒனக்குச் சேராது."

அவள் ஏமாந்து போவாள் என்று நினைத்தேன். சட்டை செய்யவில்லை. அம்மா பக்கம் நீட்டினாள். "இந்தா. எடுத்துக் குடுத்துட்டேன்."

அஞ்சலை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். ஒரு அடி எடுத்து வைத்தவள் தடுமாறி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாடி இது, தரையெல்லாம் கீழ போவுது. தலயச் சுத்துது. இதப் போட்டாத்தான் ஒனக்கு நேராத் தெரியுமா?"

"அது பத்தாதும்மா. இப்ப எனக்கு அதவிடக் கூட வேணும்."

அஞ்சலை அந்தக் கண்ணாடியோடேயே மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. வளர்மதி கையை நீட்டினாள்.

"குடும்மா, தொடைச்சுத் தரேன்."

அஞ்சலை கழற்றிக் கொடுத்தாள்.